மொழிபெயர் தேயத்தில் துப்பாக்கி: பெக்கின்பாவும் மணிரத்னமும் – ஒரு மறுநோக்கு

மும்பையில் தமிழர் 'சயான்' என வழங்கும் இடத்தை மராத்தியர் 'சீவ்' என்பர். மராத்தியில் அச்சொல்லுக்கு ஊரெல்லை என்பது பொருள். வடமொழிச் 'சீமா' என்பதன் உயிரிடை மகரம் வகரமாகத் திரிந்து 'சீவ்' என நின்றது. 'கிராம' என்பது மராத்தியில் 'காவ்' ஆனதும் இத்திரிபினாலேயே. அதே 'சீமா' தமிழுக்கு வந்தபோது மகரம் திரியாமல் 'சீமை' ஆயிற்று. எல்லை என்னும் பொருளிலிருந்து நாடு, அயல்நாடு என அதன் பொருள் விரிந்தது. ஆகவே சயானும் சீமையும் ஒரு வேரின் இரு கிளைகள். பழைய பம்பாய்த் தீவு முடிந்து சால்செட் தொடங்கிய இடம் அது. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அங்கே குன்றின் மேல் கோட்டை கட்டியதும் எல்லையைக் காக்கவே. இன்று சயான் தொடருந்து நிலையத்தின் மேற்கே தாராவியும், தெற்கே மாட்டுங்காவும், கிழக்கே சற்றுத் தொலைவில் செம்பூரும் உள்ளன. மும்பைத் தமிழரின் வாழ்வு பெரிதும் இந்நிலப்பரப்பைச் சுற்றியே அமைந்தது.

இவ்வெல்லை நிலத்தைத் தமிழ்நாட்டுத் திரைப்பட இரசிகர் அறிந்தது பெரும்பாலும் குருதியின் வழியாகத்தான். 1987இல் 'நாயகன்', 1995இல் 'பாட்ஷா', 'பம்பாய்', 2018இல் 'காலா' எனப் பெரும்பார்வை பெற்ற படங்கள் வரிசையாக மும்பைத் தமிழனின் கையில் ஆயுதத்தைக் கொடுத்தோ, அவன்மீது ஆயுதம் ஓங்கியோ வந்துள்ளன. இவற்றைப் பற்றிய திறனாய்வுகளில் இரு வினாக்கள் மட்டுமே திரும்பத் திரும்ப எழுப்பப்பட்டன. இப்படங்கள் வன்முறையைப் போற்றுகின்றனவா என்பது ஒன்று. நாயகனின் முன்மாதிரி யார் என்பது மற்றொன்று. அடிப்பவனும் அடிபடுபவனும் எம்மொழியில் பேசிக்கொள்கின்றனர் என்ற மூன்றாவது வினா போதிய கவனம் பெறவில்லை. இக்கட்டுரை அவ்வினாவை முன்வைத்து, மணிரத்னத்தின் வன்முறைப் படங்களை, சிறப்பாக 'நாயக'னை, மறுபடி நோக்குகிறது. அதற்கு அளவுகோலாக, இதே குற்றச்சாட்டைத் தம் வாழ்நாள் முழுதும் சுமந்த அமெரிக்க இயக்குநர் சாம் பெக்கின்பாவின் (1925–1984) மேற்கத்தியப் படங்கள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அவையும் எல்லை நிலத்தில் நிகழ்பவை என்பதே ஒப்பீட்டிற்கு அடிப்படை.

பாலையும் மேற்கும்

அமெரிக்கர் 'வெஸ்டர்ன்' எனக் கூறும் திரைப்பட வகையைத் தமிழில் கௌபாய்ப் படம் என்றே வழங்கிவிட்டோம். மாடு மேய்ப்பவனின் தொப்பியும் குதிரையும் அவ்வகையின் புறத்தோற்றம் மட்டுமே. சட்டத்தின் கை நீளாத நிலம், அதைக் கடக்கும் வழியில் கொள்ளையர், பொருள் தேடிச் செல்லும் ஆடவர், செத்தவனுக்கு வழியோரத்தில் ஒரு கல் அல்லது சிலுவை ஆகியவையே அதன் உள்ளுறுப்புகள். சங்க இலக்கியம் பயின்றவருக்கு இவ்வுறுப்புகள் புதியன அல்ல. ஆறலை கள்வரும், வழிப்போக்கர் பிணத்தைக் காத்திருக்கும் பருந்தும், பெயரும் பீடும் எழுதிய நடுகல்லும், பொருள்வயிற் பிரிவும் சேர்ந்ததே பாலைத்திணை. அத்திணைக்குரிய மற்றோர் உறுப்பு மேற்கத்தியப் படங்களை ஆராய்ந்தோர் பெரிதும் கருதாதது. தலைவன் செல்லும் நாட்டைச் சங்கப் புலவர் 'மொழிபெயர் தேயம்' என்பர். அது வேங்கடத்திற்கு அப்பால் உள்ளது. அங்கே மொழி பெயர்ந்துவிடும், அதாவது வேறாகிவிடும். கொடிய வெயிலையும் கள்வரையும் எண்ணி அஞ்சும் தலைவியின் அச்சப் பட்டியலில் மொழி மாறுதலும் ஒன்றாக வைக்கப்பட்டிருப்பது நோக்கத்தக்கது. பேச்சு செல்லாத இடத்தில் அம்பு செல்லும் என்பதை அப்புலவர்கள் உணர்ந்திருந்தனர் எனலாம்.

தமிழ்த் திரைப்படம் மேற்கத்திய வகையை முதலில் எடுத்தாண்டபோது இவ்வுறுப்பை விட்டுவிட்டது. ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரான கர்ணன் 'கங்கா' (1972), 'ஜக்கம்மா' (1972), 'எங்க பாட்டன் சொத்து' (1975) முதலிய படங்களில் குதிரைப் பாய்ச்சலையும் துப்பாக்கிச் சண்டையையும் வியக்கத்தக்க துணிவுடன் படமாக்கினார். தொழில்நுட்ப நிலையில் அவருக்குரிய இடம் இன்னும் முறையாக வழங்கப்படவில்லை. ஆயினும் அப்படங்களின் நிலம் எந்நாட்டுடனும் ஒட்டாத நிலம்; அதில் உள்ள எல்லாரும் ஒரே தமிழைப் பேசுவர். குதிரை வந்தது, எல்லை வரவில்லை. 2010இல் சிம்புதேவன் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' எடுத்தபோது அவ்வகை நையாண்டிக்கு மட்டுமே உரியதாகிவிட்டிருந்தது. தமிழில் உண்மையான எல்லைப்படம் குதிரையின்றி, சயானுக்கு மேற்கேயுள்ள சேரிக்குள் பிறந்தது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பெக்கின்பா: விளங்காத மொழியின் மதிப்பு

தொலைக்காட்சி மேற்கத்தியத் தொடர்களில் தொழில் பழகிய பெக்கின்பா, 'ரைட் த ஹை கன்ட்ரி' (1962) படத்தால் கவனம் பெற்றார். 'த வைல்ட் பஞ்ச்' (1969) அவரைப் புகழுக்கும் பழிக்கும் ஒருங்கே உரியவராக்கியது. வெவ்வேறு வேகத்தில் ஓடும் பல கேமராக்களால் ஒரே சண்டையைப் பதிவு செய்து, விரைவையும் மந்தத்தையும் மாறிமாறிக் கோக்கும் முறையை அப்படம் நிலைநிறுத்தியது. குண்டு பட்டவன் விழுவதற்குள் மற்றொருவன் செத்துவிடுகிறான். முதலாமவன் இன்னும் காற்றில் நிற்கிறான். சாவை அழகாக்குகிறார் என்ற குற்றச்சாட்டு இதிலிருந்தே எழுந்தது. 'ஸ்ட்ரா டாக்ஸ்' (1971) வெளியானபோது பாலின் கேல் அதன் கலைத்திறனை ஒப்புக்கொண்டே அதனைப் பாசிசப் படைப்பு எனச் சாடினார். 1993இல், முதல் வெளியீட்டிற்கு இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 'த வைல்ட் பஞ்ச்' மறுவெளியீட்டிற்காகத் தரச்சான்றுக்கு அனுப்பப்பட்டபோது முன்னிலும் கடுமையான சான்றே கிடைத்தது. அதனால் மறுவெளியீடு 1995 வரை தள்ளிப்போயிற்று.

இவ்விவாதங்களில் மறைந்துபோன செய்தி அப்படத்தின் மொழியமைப்பு. கதை 1913இல், மெக்சிகப் புரட்சியின் காலத்தில் நிகழ்கிறது. டெக்சாஸில் கொள்ளையிட்டுத் தோற்ற முதிய கொள்ளையர் ஆற்றைக் கடந்து மெக்சிகோவிற்குள் நுழைகின்றனர். அவ்விடத்திலிருந்து படம் இருமொழிப் படமாகிறது. மெக்சிகர் ஸ்பானியம் பேசுகின்றனர். அப்பேச்சின் பெரும்பகுதிக்குத் திரையில் மொழிபெயர்ப்பு இல்லை. ஆங்கிலம் மட்டும் அறிந்த பார்வையாளன், கொள்ளையர் இருக்கும் அதே நிலையில் நிறுத்தப்படுகிறான். குரலின் ஏற்ற இறக்கத்தையும் முகத்தையும் கொண்டே ஆபத்தை ஊகிக்க வேண்டும். கூட்டத்தில் இருமொழியும் அறிந்தவன் ஏஞ்சல் என்னும் மெக்சிக இளைஞன் ஒருவனே. எல்லையில் நின்று அவன் தன் நாட்டின் அழகை வியக்கும்போது, உடனிருக்கும் அமெரிக்கன் ஒருவன் அது டெக்சாஸைப் போலத்தான் இருக்கிறது என்கிறான். உனக்குக் கண்ணில்லை என்று ஏஞ்சல் விடையளிக்கிறான். படத்தின் அரசியல் முழுதும் இச்சிறு உரையாடலில் அடங்கியுள்ளது. எல்லையைக் காணாதவன் மறுபக்கத்தில் உள்ளவனையும் காணான்.

ஏஞ்சல் பிடிபட்டு வதைக்கப்பட்டபின் கூட்டம் தன் நாவை இழக்கிறது. நால்வர் துப்பாக்கியுடன் தளபதி மப்பாச்சேயின் முன்சென்று நண்பனைக் கேட்கும் இடத்தில் பேச்சு சில சொற்களே. தளபதி கொச்சையான ஆங்கிலத்தில் மறுமொழி கூறி அவ்விளைஞனின் கழுத்தை அறுக்கிறான். தளபதி சுடப்பட்டபின், நூற்றுக்கணக்கான வீரர் சூழ்ந்திருந்தும், சில நொடிகள் எவரும் அசைவதில்லை. இருதரப்புக்கும் இடையே பேசத்தக்க மொழி எதுவும் எஞ்சவில்லை என்பதை அம்மௌனம் காட்டுகிறது. பின்னர் நிகழ்வதே புகழ்பெற்ற அக்கொலைக்களம். தளபதியாக நடித்தவர் எமிலியோ பெர்னாண்டஸ், மெக்சிகத் திரைப்படத்தின் பெரும் இயக்குநருள் ஒருவர். அயலாரின் மொழியை அயலாரின் கலைஞரிடமே ஒப்படைக்கும் நேர்மை பெக்கின்பாவிடம் இருந்தது.

அந்நேர்மைக்கு எல்லையும் உண்டு. பெண்கள் அவர் படங்களில் எம்மொழியிலும் பேச விடப்படுவதில்லை. 'ஸ்ட்ரா டாக்ஸ்' படத்தின் வன்புணர்வுக் காட்சிக்கு எவ்வகைச் சமாதானமும் போதாது. அப்படம் இங்கிலாந்தின் கார்ன்வால் சிற்றூரில் நிகழ்கிறது. அமெரிக்கக் கணித அறிஞனும் ஊராரும் பேசுவது ஒரே ஆங்கிலத்தின் இரு கிளைமொழிகள். மொழியெல்லை மறைந்த அவ்விடத்தில் வன்முறை வெறும் வீடுகாக்கும் வெறியாகச் சுருங்கிவிட்டது தற்செயல் அன்று.

நாயகன்: மொழிபெயர்ப்பவன் வந்தான், போனான்

'நாயகன்' 1987ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளியாயிற்று. மும்பையில் வரதாபாய் என அறியப்பட்ட வரதராஜ முதலியாரின் வாழ்வு அதற்குத் தூண்டுதல். விக்டோரியா முனையத்தில் சுமை தூக்குபவராகத் தொடங்கி, மதுவிலக்குக் காலத்துக் கள்ளச்சாராயத்தால் வளர்ந்து, மாட்டுங்காவில் பெரும் விநாயகர் விழா எடுத்தவர் அவர். படம் வெளியானபோது அவர் உயிருடன் இருந்தார். 1988 சனவரியில் சென்னையில் மறைந்தார். மணிரத்னம் எழுபதுகளில் பம்பாயில் மேலாண்மை பயின்றவர். மாட்டுங்கா வட்டாரத்தில் அம்மனிதருக்கு இருந்த செல்வாக்கை நேரில் கண்டவர். ஆனால் படத்தின் தாராவியின் பெரும்பகுதி சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் தோட்டா தரணி எழுப்பிய அரங்கம். பி.சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவு, கலை இயக்கம், கமல்ஹாசனின் நடிப்பு மூன்றும் தேசிய விருது பெற்றன.

பெக்கின்பாவின் படத்துடன் இதற்குள்ள நெருக்கம் மந்தகதிக் காட்சிகளில் இல்லை. இரு படங்களிலும் வன்முறை குழந்தையிடம் தொடங்கிக் குழந்தையிடம் முடிகிறது. 'த வைல்ட் பஞ்ச்' தேளை எறும்புக் கூட்டத்தில் விட்டுச் சிரிக்கும் சிறுவரோடு தொடங்குகிறது. முடிவில் தலைவன் பைக் பிஷப்பைச் சுடுவோருள் ஒருவன் படைச்சீருடை அணிந்த சிறுவன். 'நாயக'னில் தூத்துக்குடித் தொழிற்சங்கத் தலைவரின் மகனான சிறுவன் வேலு, தன்னை ஏமாற்றித் தந்தையைக் கொன்ற காவலரைக் குத்திவிட்டுப் பம்பாய்க்கு ஓடுகிறான். பின்னாளில் அவன் கொல்லும் ஆய்வாளர் கேல்கரின் மகன், உடல் வளர்ந்தும் உள்ளம் வளராதவன், இறுதியில் வேலுவைச் சுடுகிறான். பழியின் கணக்கு தலைமுறையைத் தாண்டி, பேசத் தெரியாதவனின் கையில் தீர்க்கப்படுகிறது. இப்படம் வன்முறையைப் போற்றுகிறது என்போர் இவ்வட்டத்தைக் காணத் தவறிவிட்டனர்.

மௌனத்திற்கு இப்படத்தில் தனி இலக்கணமே உண்டு. கேல்கரின் கொலைக்குச் சேரியில் எவரும் சாட்சி சொல்வதில்லை. இறுதியில் நீதிமன்றத்திலும் சாட்சி இன்மையால் வேலு விடுதலை பெறுகிறான். பேசாமையும் ஒரு பேச்சுச் செயல் என மொழியியலார் கூறுவதற்கு இதைவிடச் சிறந்த சான்று தமிழ்த் திரையில் அரிது. பேரன் அவனை நல்லவனா கெட்டவனா எனக் கேட்கும் புகழ்பெற்ற காட்சியில் அவன் தனக்குத் தெரியவில்லை என்கிறான். ஊர் முழுதும் தனக்காக மௌனம் காத்தவனுக்குத் தன்னைப் பற்றிச் சொல்லத் தன்னிடமும் சொல் இல்லை.

இவ்வளவு நுட்பமாகச் சொல்லையும் சொல்லின்மையையும் கையாண்ட படம், மொழியை எவ்வாறு கையாண்டது? தொடக்கத்தில் மிகச் சரியாகக் கையாண்டது. வேலுவுக்கு இந்தி வாராது. ஆகவே அவன் கூட்டத்தில் டெல்லி கணேஷ் ஏற்ற ஐயர் என்னும் பாத்திரம் இடம்பெறுகிறது. இந்தி பேசும் உலகத்துக்கும் வேலுவுக்கும் இடையே மொழிபெயர்ப்பதே அவர் பணி. தமிழ்த் திரையில் மொழிபெயர்ப்பாளன் ஒருவன் நகைச்சுவைக்காக அன்றிக் கதையின் தேவைக்காகப் படைக்கப்பட்டது குறிப்பிடத்தக்க நிகழ்வு. 'த வைல்ட் பஞ்ச்' படத்து ஏஞ்சலின் இடம் இவருக்கு உரியது. பேரம் பேசும் இடத்தில் அதிகாரம் யார் கையில் உள்ளது என்பதை, யாருக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படுகிறது என்பதைக் கொண்டே படம் காட்டிவிடுகிறது. எளியோனுக்குத் தேவைப்படும்போது அது குறை; தலைவன் ஆனபின் தேவைப்படும்போது அது பெருமை. பிறர் மொழியைக் கற்காமலேயே அவர்களை ஆள்பவன் என்ற படிமம் ஐயரின் நாவின் மேல்தான் கட்டப்படுகிறது.

ஆனால் வேலு நாயக்கராக உயர உயர, பம்பாய் தமிழாகிவிடுகிறது. மகளை மணக்கும் காவல் அதிகாரி பாட்டீல் மராத்தியர். அவருடைய உணர்ச்சிமிக்க உரையாடல்கள் தமிழிலேயே அமைகின்றன. சேரியின் பிறமொழி மக்கள் பாடலிலும் கூட்டத்திலும் நிறமாக நிற்கின்றனரே அன்றிப் பேச்சாக நிற்பதில்லை. தமிழ் பார்வையாளனுக்காக எடுக்கப்பட்ட படம் தமிழில் பேசுவது இயல்பே என்ற விடை எளிதில் தோன்றும். அவ்விடை போதாது. தொடக்கத்தில் ஐயரைப் படைத்தவருக்கு மாற்றுவழி தெரிந்திருந்தது. எல்லை இருக்கும்வரை வேலுவின் வன்முறை எதிர்ப்பாக விளங்கிற்று. எல்லை அழிந்தபின் அது ஆட்சியாக விளங்குகிறது. அம்மாற்றத்தைப் பார்வையாளன் உணராதபடி மொழி மூடிவிடுகிறது. இப்படத்தின் அறக்குழப்பம் எனப் பலராலும் சுட்டப்படுவதன் வேர் இதுவே எனத் தோன்றுகிறது.

இவ்வியக்குநரின் பிற படங்களிலும் இதே இருநிலை தொடர்கிறது. 'ரோஜா' (1992) படத்தில் தமிழ் மட்டும் அறிந்த சிற்றூர்ப் பெண் காஷ்மீரத்தில் கணவனைத் தேடுகிறாள். அவளுடைய தனிமையின் பாதி மொழித்தனிமை. தமிழறிந்த வழிகாட்டி ஒருவர் அங்கே அவளுக்குத் துணையாகிறார். அப்படம் இந்தியில் மொழிமாற்றம் பெற்றபோது அத்தனிமை முற்றாக மறைந்தது. வட இந்தியர் கண்டது வேறொரு படம் எனலாம். 'ஆய்த எழுத்து' (2004) சென்னையில் நிகழ, அதன் இந்தி வடிவமான 'யுவா' கொல்கத்தாவில் நிகழ்ந்தது. 'இராவணன்' (2010) ஒரே வேளையில் இருமொழியில் படமாக்கப்பட்டதால் அதன் காட்டுக்கு ஊரும் இல்லை, பேச்சும் இல்லை. மொழி கழற்றி மாட்டத்தக்க சட்டை எனக் கருதப்பட்ட அளவிற்கு வன்முறையும் அழகிய உடற்பயிற்சியாக மாறிற்று.

'பம்பாய்' (1995) இவற்றுள் மிகுந்த சர்ச்சைக்கு உள்ளானது. வெளியான ஆண்டின் சூலையில் இயக்குநரின் சென்னை இல்லத்தில் குண்டுகள் வீசப்பட்டு அவர் காயமுற்றார். 1992 திசம்பரிலும் 1993 சனவரியிலும் நிகழ்ந்த கலவரத்தைத் திரையில் எடுத்துரைக்கும் துணிவு அன்று எவரிடமும் இல்லை. அதற்குரிய மதிப்பைக் குறைக்க இயலாது. ஆயினும் அதன் மிகக் கொடிய காட்சியை நினைவுகூர்தல் வேண்டும். எரிபொருளை ஊற்றிவிட்டு, இரட்டைச் சிறுவரை நோக்கி இந்துவா முசுலிமா எனக் கேட்கின்றனர். தமிழ்ப் படத்தில் கேள்வி தமிழில் வருகிறது, சிறுவர் தமிழர். கலவர நகரத்தில் ஒருவன் யார் என்பதை அவன் வாய் திறந்தவுடன் ஒலிப்பே காட்டிக்கொடுக்கும். 1960களில் தென்னிந்தியருக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியை அறிந்த மும்பைத் தமிழருக்கு இது நூலறிவு அன்று. மதத்தைக் கேட்ட அக்காட்சியில் மொழி கேட்கப்படாமலே போயிற்று.

அதே ஆண்டுப் பொங்கலுக்கு வந்த 'பாட்ஷா'வைப் பற்றி இங்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'நாயக'னுக்கு உரையாடல் எழுதிய பாலகுமாரனே இதற்கும் எழுதினார். எட்டாண்டு இடைவெளியில் ஒரே எழுத்தாளரின் கையில் பம்பாய் ஒரு நிலமாக இருந்தது மாறி ஒரு பின்கதையாக ஆகிவிட்டது என்பதை மட்டும் குறித்தல் போதும்.

தாராவியின் நா

படங்கள் விட்டுவிட்ட பேச்சு எத்தகையது? தாராவித் தமிழருள் பெரும்பகுதியினர் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் குடியேறியோரின் வழியினர். தோல் பதனிடும் தொழில் அவர்களை அங்கு ஈர்த்தவற்றுள் ஒன்று. குஜராத்திக் குயவரின் கும்பார்வாடாவும், கோலி மீனவரின் பழைய ஊரும், உத்தரப்பிரதேசத்தவரின் தொழிற்கூடங்களும் அவர்களுக்கு அடுத்த தெருக்கள். நகராட்சித் தமிழ்ப் பள்ளியில் எழுத்துத் தமிழ், வீட்டில் நெல்லை வழக்கு, தெருவில் பம்பாய் இந்தி, அலுவலகத்தில் மராத்தி என நான்கடுக்கு மொழி வாழ்வு அது. முற்சந்தி 'நாக்கா' என்றும், ஓரறை வீடு 'கோலி' என்றும், தொழில் 'தந்தா' என்றும் தமிழ்த் தொடருக்குள் வந்து, 'பண்ணு' என்னும் துணைவினையை ஏற்று, வேற்றுமை உருபும் பெற்றுத் தமிழாகவே நடக்கும். தொல்காப்பியர் சொற்களை நான்காகப் பகுத்தபோது திசைச்சொல்லுக்கு இடம் தந்தார். அவ்விடத்தைத் தமிழ்த் திரைப்படம் தரவில்லை.

திரை கொணர்ந்த ஒரே சொல் 'தாதா'. இந்தி, மராத்தி வழக்கில் மூத்தோனையும் குறிக்கும் இச்சொல், தமிழ்நாட்டில் அடியாள் தலைவனை மட்டும் குறிக்கலாயிற்று. ஒரு மக்கள் கூட்டத்தின் பேச்சிலிருந்து தாய்நிலத்தோர் கடன்பெற்ற சொல் அச்சந்தருவதாக அமைந்தது அக்கூட்டத்தைப் பற்றி உருவான எண்ணத்தையும் காட்டுகிறது. சயானிலிருந்தோ செம்பூரிலிருந்தோ விடுமுறைக்கு ஊர் திரும்பும் இளைஞனிடம் உறவினர் விளையாட்டாகக் கேட்பதும் அச்சொல்லைத்தான். குருதியைக் காட்டியது இப்படங்களின் குறையன்று. குருதியை எடுத்துக்கொண்டு பேச்சை விட்டுவந்ததே குறை.

இக்குறையை நேர்செய்ய முயன்ற படம் பா. இரஞ்சித்தின் 'காலா'. 2018 சூன் மாதத்தில் வெளியான இதன் தாராவியும் சென்னையில் எழுப்பப்பட்ட அரங்கமே. ஆனால் தலைப்பே இருமொழியில் நிற்கிறது. தமிழில் 'காலா' என்பது காலன் என்பதன் விளிவடிவம். இந்தியில் அதே ஒலி கருப்பு எனப் பொருள்படும். இச்சிலேடை எல்லையில் நிற்பவனுக்கு மட்டுமே முழுதாக விளங்கும். 'நாயகன்' என்ற தலைப்பு தலைவன், கணவன், கதைத்தலைவன், சாதிப்பட்டம் ஆகியவற்றைத் தொட்டும் தமிழ் வழக்கிற்குள்ளேயே நிற்பதை இதனோடு ஒப்பிடலாம்.

படத்தின் முன்னோட்டத்தில் புகழ்பெற்ற ஓர் அறைகூவல் மொழியியலார்க்கு விருந்து. 'க்யா ரே' என இந்தியிலும் மராத்தியிலும் வழங்கும் விளியோடு அது தொடங்குகிறது. அடுத்து 'செட்டிங்' என்னும் ஆங்கிலச் சொல் தமிழ் வினா ஆகாரம் ஏற்றுச் 'செட்டிங்கா' என்றாகிறது. அடுத்த மூச்சில் 'நிக்கேன்' என நெல்லை வழக்கின் நிகழ்கால வடிவம் வந்து, 'லே' என்னும் நெல்லை விளியில் தொடர் முடிகிறது. நான்கு மொழிகளின் கூறுகள் ஒரு மூச்சில் கலந்தும் தொடரமைப்பு தமிழாகவே உள்ளது. பெருநட்சத்திரம் ஒருவரின் வாயில் தாராவியின் தொடர் அதன் உண்மை வடிவில் ஒலித்த அரிய இடம் இது. ஈஸ்வரி ராவ் ஏற்ற செல்வியின் நெல்லைப் பேச்சும், தாராவி இளைஞர் குழுவான டோபடெலிக்ஸின் சொல்லிசையும் இதனை வலுப்படுத்துகின்றன. மராத்தியப் பெண்ணொருத்தி 'புயல்' என்ற தமிழ்ப் பெயரால் அழைக்கப்படுவதும் கருதத்தக்கது. காவலர் அவள் ஆடையைக் களைந்தெறியும் காட்சியில் அவள் ஆடையை எடுக்காமல் தடியை எடுக்கிறாள். பெக்கின்பாவின் படங்களில் எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத தேர்வு அது.

ஆயினும் 'காலா' ஐயரைத் தரவில்லை. அதன் தலைவன் எல்லாரோடும் தானே பேசவல்லவன். எதிரியும் அவனுக்கு ஈடாகப் பேசுகிறான். இருவரும் எதிரெதிர் அமர்ந்து நிலத்தைப் பற்றி வாதிடும் காட்சிகள் படத்தின் சிறந்த பகுதிகள். அவற்றின் தெளிவே அவற்றின் குறையும் ஆகும். நிலம் பறிக்க வருபவன் நிலத்தோரின் மொழியில் வருவதில்லை. வரைபடமும் ஒப்பந்தமும் அரசாணையும் வேற்று மொழியில் வரும். 2004 முதல் தாராவி மறுசீரமைப்புக்கென வந்த திட்டங்கள் பல. 2022இல் ஒப்பந்தப்புள்ளியில் அதானி குழுமம் முன்னின்று, 2023இல் அரசின் ஒப்புதல் பெற்றது. அத்தாள்களைப் படித்து, இதில் உனக்கு வீடு உண்டு, உனக்கு இல்லை எனத் தெருவாருக்குத் தம் மொழியில் எடுத்துச் சொல்பவனே இன்று அவ்வெல்லை நிலத்தின் முதன்மைப் பாத்திரம். அவனைப் பற்றிய படம் இன்னும் வரவில்லை.

டெல்லி கணேஷ் 2024 நவம்பரில் மறைந்தபோது அவருடைய நூற்றுக்கணக்கான பாத்திரங்களுள் ஐயரும் நினைவுகூரப்பட்டார். பெரிதும் பேசப்பட்டது, காவலரிடம் அடிபட்டு மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி நாயக்கரிடம் அவர் கலங்கிப் பேசும் காட்சி. வாழ்நாள் முழுதும் பிறர் சொல்லை மொழிபெயர்த்தவரை, அவர் அறிந்ததைச் சொல்ல வைக்கவே காவலர் அடித்தனர். அவர் சொல்லவில்லை. படத்தில் அவர் தம் சொந்தச் சொல்லாகப் பேசும் ஓரிரு இடங்களுள் அதுவும் ஒன்று.